ஒரே பெயரில் இருவர்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதைப் பிரிக்காமல் இழுப்பறைக்குள் தள்ளிவிடுவாய் என்று தெரியும். ஆனால் அண்ணி பிரித்துவிடுவார்கள். முகவரி கொடுத்ததே அவர்கள்தான். அதற்காக அவர்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. என் எண்ணிலிருந்து வரும் அழைப்பை எட்டு வருடமாக நீ எடுக்கவில்லை. வேறு என்னதான் செய்வேன் நான்?

பார்சல் கிடங்கில் சரக்குப் பட்டியலைக் கவனித்துக்கொள்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நான் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறேன். நாம் இருவரும் உட்கார்ந்திருந்த அதே அறை. ஜன்னல் ஓரத்து மேசை மட்டும் இப்போது என்னுடையது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எங்களோடு இன்னும் மூன்று மருத்துவமனைகளை இணைத்துவிட்டார்கள். நான்கு இடத்து நோயாளிகளின் பதிவுகளும் ஒன்றாக வேண்டும். அதற்கு ஒரு டேட்டா ஆர்க்கிடெக்ட் தேவை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். கூட இருப்பவர்கள் தலைமைச் செவிலியரும், போன வருடம் வந்த புதிய நிர்வாக அதிகாரியும். அதிகாரி முதல் கூட்டத்திலேயே கேட்டார்: "இந்த ஆளு வந்து என்னதாங்க பண்ணுவாரு?"

"வீடு கட்டறதுக்கு முன்னாடி எந்தச் சுவர் எங்க, எந்தக் கதவு எந்த ரூமுக்குன்னு வரைவாங்கல்ல? இவரு தகவலுக்கு அப்படி வரைவாரு"ன்னேன்.

"அப்ப தண்ணிக் குழாய் ஒடைஞ்சா இவரைக் கூப்பிட முடியாதா?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன்"ன்னேன்.

அந்தச் சுவர் உதாரணம் உன்னுடையது. டேபிள் என்றால் தகவல் அட்டவணை என்று தெரியாமல், சாப்பாட்டு மேசை என்று நினைத்துக்கொண்டிருந்தவளை உட்கார வைத்து நீ சொல்லிக்கொடுத்தது. எனக்குத் தெரிந்த வேலையில் பாதி உன்னிடமிருந்து வந்தது. அதற்கு ஒருநாளும் நான் நன்றி சொன்னதில்லை. இப்போது சொன்னால் காரியத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் எல்லாத் தாளும் சொல்கிறது. என்ன கேட்டால் ஆளைப் பிடிக்கலாம்? ஒரே ஒரு கேள்வி சொல், போதும். பதிலே போடாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

தங்கை


மார்ச் 13

தங்கைக்கு,

உன் அண்ணி கடிதத்தைப் பிரித்து, படித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பதில் எழுதும்வரை என்னிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ஐந்து நாள் தாங்கினேன்.

ஒரு கேள்வி கேட்டாய். உனக்குத் தெரியாததா? இதையே கேள்: ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே தெரு. இரண்டு கோப்புகள். இது ஒருத்தியா, இரண்டு பேரா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?

பதிலை விட, பதிலுக்கு முன்னால் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார். உடனே பலகைக்கு ஓடுகிறவரை நம்பாதே.

இதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். மனதுக்குள் எட்டு வருடம் எழுதியாயிற்று, தாளிலும் ஒருமுறை இருக்கட்டும். ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்களின் கோப்புகள் ஒன்றாகிவிட்டன. ஒருத்திக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை, இன்னொருத்தியின் கோப்பைப் பார்த்து ஏற்றினார்கள். நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தாள். விசாரணை வந்தது. நான் வடிவமைத்த பதிவு முறையில், இரண்டு கோப்புகளை இணைக்கும் முன் ஊழியரை எச்சரிக்கும் திரை இருந்ததா என்று கேட்டார்கள். என் கீழ் வேலை பார்த்த நீ எழுதிக்கொடுத்தாய்: "அப்படி ஒரு திரை வடிவமைப்பிலேயே இல்லை. இது அடிப்படைக் கவனக்குறைவு." மூன்றாம் பக்கம், இரண்டாவது பத்தி. எனக்கு மனப்பாடம். அதோடு என் வேலையும் போயிற்று.

'கவனக்குறைவு' என்றால் போதாதா? 'அடிப்படை' வேறு எதற்கு?

இங்கே கிடங்கில் யாரும் சாவதில்லை. பெட்டி மாறினால் திருப்பி அனுப்புவோம். எனக்கு அது போதும்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணாவுக்கு,

பதில் எழுதியதற்கு நன்றி. ஐந்து நாள் பேசாமல் இருந்ததற்கு அண்ணிக்குத் தனியாக நன்றி.

முதல் நாள் மூன்று பேரைப் பார்த்தோம். மூன்று பேரிடமும் உன் கேள்வியைக் கேட்டேன்.

முதலில் வந்தவர் கோட்டு சூட்டோடு வந்த பெரிய மனிதர். நீ எச்சரித்தபடியே பலகைக்கு ஓடினார். பெட்டி போட்டார், அம்பு போட்டார், பெட்டிக்குள் பெட்டி போட்டார். பலகை தீர்ந்து சுவருக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன். கடைசியில், "அப்படி ரெண்டு பேர் வர்றதுக்கு வாய்ப்பே கம்மிங்க. லட்சத்துல ஒண்ணு" என்றார். தலைமைச் செவிலியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்ககிட்ட பதினோரு லட்சம் பேர் இருக்காங்க. அப்ப அந்தப் பதினோரு பேரை நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். பெரிய மனிதர் பலகையை அழிக்க ஆரம்பித்தார்.

இரண்டாமவருக்கு நாங்கள் வேகக்காரர் என்று பெயர் வைத்துவிட்டோம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். உண்மையிலேயே கெட்டிக்காரர், நான் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். உன் கேள்விக்கு மட்டும், "பேரு, தேதி, தெரு மூணும் ஒத்துப்போச்சுன்னா ஒரே ஆள். அவ்ளோதான், ரூல் எழுதிட்டா முடிஞ்சுது" என்றார்.

"ரெட்டைப் பிள்ளைங்களா இருந்தா?"

"ரெட்டைப் பிள்ளைக்கு யாராவது ஒரே பேரா வைப்பாங்க மேடம்?"

எல்லாரும் சிரித்துவிட்டோம், நானும்தான். அதிகாரிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மூன்றாமவர், "இது டேட்டா பிரச்சினையே இல்ல. கவுன்ட்டர்ல உக்காந்திருக்கறவங்க தப்பு. ஆளை மாத்துங்க, சரியாயிடும்" என்றார். தலைமைச் செவிலியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதன்பிறகு திறக்கவே இல்லை.

அந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்கிறேன். அறிக்கையை முதலில் எழுதியபோது அதில் 'அடிப்படை' இல்லை. படித்துப் பார்த்தேன். அண்ணன் என்பதால் பூசி மெழுகிவிட்டாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று தோன்றியது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். வேறு யாராவது உன் இடத்தில் இருந்திருந்தால் அதைச் சேர்த்திருக்க மாட்டேன். தங்கையாக இருந்ததால்தான் அவ்வளவு கடுமை. இதைவிட நேர்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் திரை இல்லை என்று எழுதியது பொய்யில்லை, அண்ணா. விசாரணை தொடங்கிய மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கவுன்ட்டருக்கு நானே போய்ப் பார்த்தேன். இரண்டு கோப்புகளை இணைத்தும் பார்த்தேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பார்த்ததைத்தான் எழுதினேன்.

தங்கை


மார்ச் 29

தங்கைக்கு,

பார்த்ததை எழுதினாய். சரி. அன்றைக்கே மதியம் வந்து ஒருமுறை பார் என்று உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். வரவில்லை.

அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. அதில் என்னைத் தவிர இன்னொருவரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்.

உன் மூன்று பேரைப் படித்து உன் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், வேலை சம்பந்தமாக. வடிகட்டித் தள்ளிய தாள்களையும் ஒருதரம் புரட்டிப் பார். கவுன்ட்டரில் உட்கார்ந்து, எதிரில் ஆள் நிற்க, பின்னால் வரிசை நிற்க வேலை பார்த்த யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று தேடு. அந்த இடத்தில் உட்காராதவர்களுக்கு இந்தக் கேள்வி வெறும் கணக்கு.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னபடி ஒதுக்கி வைத்த தாள்களைப் புரட்டினேன். ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய கல்லூரிப் பட்டம் இல்லை என்று பணியாளர் பிரிவு ஒதுக்கியிருந்தது. ஆனால் ஆறு வருடமாக ஒரு பேருந்துக் கழகத்தில் தகவல் பிரிவில் இருக்கிறாள், கடைசி மூன்று வருடம் அதன் முழு வடிவமைப்பும் அவள் கையில். அதற்கு முன்னால் இரண்டு வருடம் ஒரு மருத்துவமனைப் பதிவுக் கவுன்ட்டர். எந்த மருத்துவமனை என்று பார்த்தேன். நம்முடையது. தற்காலிக ஊழியர். எனக்கு முகம் ஞாபகம் இல்லை. கூப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை வந்தாள். உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். பேருந்துக் கழகத்தில் செய்த வேலையைப் பற்றி நிதானமாகப் பதில் சொன்னாள். பிறகு உன் கேள்வியைக் கேட்டேன். ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே தெரு.

தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். பலகைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"மேடம், இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். சொன்னா இந்த வேலை கிடைக்காதுன்னு தெரியும். பரவாயில்ல. அந்த ரெண்டு பேரையும் ஒண்ணாக்கினது நான்தான்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த ரெண்டு பேரு?" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் விண்ணப்பத்தில் இருந்த தேதிகளை மறுபடி பார்த்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நிஜமாவே ஒரு திரை இருந்துச்சு மேடம். ரெண்டு ஃபைலைச் சேக்கப் போனா செவப்புல வரும். மூணு கேள்வி கேக்கும், பதில் போடாம தாண்ட முடியாது. ஆனா காலையில கூட்டம் தாங்காது. வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். அப்ப இருந்த பெரிய அதிகாரி, காலை எட்டுலேருந்து பதினொண்ணு வரைக்கும் அந்தத் திரையை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாரு. பதினொண்ணுக்கு மேல தானா வந்துடும். நான் அவங்களைச் சேத்தது பத்து மணிக்கு."

காலை எட்டிலிருந்து பதினொன்று. நான் போய்ப் பார்த்தது ஒன்பதரைக்கு.

"மறுநாள் ஆர்க்கிடெக்ட் சார் கவுன்ட்டருக்கு வந்தாரு. யார் எப்ப என்ன அமுக்கினாங்கன்னு எல்லாம் அவர்கிட்ட இருந்துச்சு, என் பேரும் இருந்துச்சு. எனக்கு அப்ப அஞ்சு மாசம். நான் நின்ன இடத்துலயே அழுதுட்டேன். அவரு, 'நீ பண்ணது தப்பு இல்லம்மா. உனக்குக் காட்ட வேண்டியதை நாங்க காட்டலை. ஒக்காரு, அடுத்தவங்களைக் கூப்பிடு'ன்னாரு. அந்தத் திரையை யாரு நிறுத்தினாங்கன்னு நிரூபிக்கணும்னா அந்தப் பதிவேட்டைக் காட்டணும். காட்டினா முதல்ல போறது நான்தான். அதனால அவரு காட்டவே இல்ல. அவரு போனதுக்கப்புறந்தான் எனக்கு இதெல்லாம் புரிஞ்சுது. நான் வாயைத் தொறக்கல மேடம். பயம். அப்புறம் அன்னைக்கு எனக்குக் காட்டாம விட்டது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சு, இந்த வேலைக்கே வந்துட்டேன். அவரு எங்க இருக்காருன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியும். என் அண்ணன்"ன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளை வெளியே உட்காரச் சொன்னோம். அதிகாரிதான் முதலில் வாய் திறந்தார். "மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தப்பு பண்ணவங்களையே அதே வேலைக்கு எடுக்கறதா? வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?" தலைமைச் செவிலியர், "தெரியாம அமுக்கினது அந்தப் பொண்ணு. தெரிஞ்சே நிறுத்தினது யாரு?" என்றார். முடிவு எடுக்கவில்லை. இரண்டாவது சுற்றுக்கு அவளையும் வேகக்காரரையும் மட்டும் கூப்பிடுவது என்று எழுந்துவிட்டோம்.

அண்ணா, மதியம் வந்து பார் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஏன் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய். மதியத்துக்குள் நீ அந்தத் திரையை அவசர அவசரமாகச் சேர்த்துவிட்டு, எனக்குக் காட்டக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி, நான் அப்படி நினைத்தேன்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன், ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் வேறு சொல் இல்லை. மன்னித்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 17

சுண்டெலி,

உன் கடிதத்தைக் கிடங்கில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அரை மணி நேரம் தராசு மேல் உட்கார்ந்திருந்தேன். லாரிக்காரர் வந்து, "சார், உங்களையும் ஏத்தணுமா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் இந்த வேலைக்கே வந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதால் யாருக்கும் ஒரு பயனும் வரவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கோபம் வரும்போதெல்லாம் அப்படித்தான் தோன்றும். இப்போது அவளே எழுந்து நின்று, வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு வேறு என்ன வேண்டும்? அவளைப் பார்த்தால் என் நன்றியைச் சொல். பிள்ளைக்கு இப்போது ஏழெட்டு வயது ஆகியிருக்குமே, எப்படி இருக்கிறது என்று கேள்.

இனி நீ நேர்மையாக எழுதியதற்குப் பதிலாக நானும் எழுத வேண்டும். இதை உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தத் திரையை நிறுத்த ஒரு ஸ்விட்ச் வேண்டும் அல்லவா? அதை வைத்தது யார்? நான்தான். அதிகாரி வந்து கேட்டார், கூட்டம் தாங்கவில்லை என்றார். இரண்டு நாள் முடியாது என்றேன். மூன்றாம் நாள் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆபத்தைத் தடுக்க ஒரு கதவு வைத்துவிட்டு, அதைக் கழற்றும் ஸ்பேனரையும் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். ஆக, சுண்டெலி, 'வடிவமைப்பிலேயே இல்லை' என்று நீ எழுதியது தப்பு. 'கவனக்குறைவு' என்று எழுதியது தப்பில்லை. 'அடிப்படை' பற்றி நாம் நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நீ மட்டுமே குற்றவாளி போல எழுதியிருக்கிறாய். அதைப் படிக்க எனக்குச் சகிக்கவில்லை. எட்டு வருடம் நான் உன்மேல் கோபமாக இருந்ததில் ஒரு வசதி இருந்தது. அந்த ஸ்விட்சைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, இது கண்டிப்பு. நன்றிக்காக அவளுக்கு வேலை கொடுக்காதே. என்மேல் இருக்கும் குற்ற உணர்ச்சிக்காகவும் கொடுக்காதே. அப்படிக் கொடுத்தால் நாளைக்கு யாராவது அவளைப் பார்த்து, பாவம் பார்த்து எடுத்த ஆள் என்று சொல்வார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சோதனை வை. இத்துடன் நாற்பது ஜோடிப் பதிவுகள் எழுதி அனுப்பியிருக்கிறேன், எல்லாம் கற்பனை ஆட்கள். எது ஒருவர், எது இருவர் என்று சொல்லச் சொல். விடைகள் தனி உறையில் ஒட்டியிருக்கிறேன். முன்கூட்டியே பிரிக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

அண்ணன்


மே 6

அண்ணாவுக்கு,

பிரிக்கவில்லை. சத்தியமாகப் பிரிக்கவில்லை. தலைமைச் செவிலியரிடம் கொடுத்து, மருந்து அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரையும் அடுத்தடுத்த அறைகளில் உட்கார வைத்தோம். வேகக்காரர் பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். நாற்பதுக்கும் பதில், அழகான வரிசையில். உன் உறையைப் பிரித்துப் பார்த்தோம். முப்பத்தேழு சரி. மூன்று தப்பு. அதிகாரி, "நாப்பதுக்கு முப்பத்தேழுன்னா பெரிய விஷயங்க" என்று தட்டிக்கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைக்கவில்லை.

அவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். முப்பத்தொன்றுக்குத்தான் பதில் எழுதியிருந்தாள். முப்பத்தொன்றும் சரி. மீதி ஒன்பதுக்கு எதிரே, "தெரியவில்லை" என்று எழுதி, பக்கத்தில் யாரைக் கேட்டால் தெரியும் என்று குறித்திருந்தாள். ஒன்றில் பிரசவ வார்டு, ஒன்றில் பழைய எக்ஸ்ரே, ஒன்றில் வெறுமனே "ஆளையே கூப்பிட்டுக் கேட்கவும்". உன் விடைத்தாளைப் பார்த்தால், அதே ஒன்பதுக்கும் நீயும் எழுதியிருக்கிறாய்: "இந்தத் தகவலை வைத்துச் சொல்ல முடியாது. சொல்கிறவரை வெளியே அனுப்பு." அந்த ஒன்பதிலும் நீ கற்பனை செய்தது ஒருவரா இருவரா என்று அடிக்குறிப்பில் கொடுத்திருந்தாய், அதை வைத்துத்தான் வேகக்காரருக்கு முப்பத்தேழு வந்தது. அந்த ஒன்பதில் ஆறுக்கு எப்படியோ சரியான பக்கம் ஊகித்திருந்தார். மூன்றில் மாட்டிக்கொண்டார்.

தலைமைச் செவிலியர் அவள் தாளை அதிகாரி முன்னால் வைத்தார். "எனக்குத் தெரியலைன்னு சொல்ற ஆளுதாங்க வேணும். தெரியும்னு சொல்லி ஊசி போட்டது போதும்" என்றார். அதிகாரி ஒன்பது குறிப்புகளையும் விரல் வைத்துப் படித்தார். அவர் கெட்டவர் இல்லை அண்ணா, பயந்தவர். "வெளிய யாராவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

"நடந்ததைச் சொல்லலாம். நான் எழுதித் தர்றேன்"ன்னேன்.

எழுதிக் கொடுத்தேன். எட்டு வருடப் பழைய அறிக்கைக்கு ஒரு திருத்தப் பக்கம். எச்சரிக்கைத் திரை வடிவமைப்பில் இருந்தது. அதை நிறுத்த வழியும் இருந்தது, அதை வைத்தவர் நீ. காலை நேரத்தில் நிறுத்தச் சொன்னது அன்றைய நிர்வாகம். கவுன்ட்டர் ஊழியர் மேல் தவறு இல்லை. நான் ஒன்பதரைக்கு ஒருமுறை மட்டுமே பார்த்தேன். மதியம் பார்க்கச் சொல்லியும் போகவில்லை. கீழே என் கையெழுத்து. உன்னிடம் கேட்காமல் ஸ்விட்சைப் பற்றி எழுதிவிட்டேனே என்று ஒரு நிமிடம் பேனா நின்றது. நீ எனக்கு அதை எழுதியதே எழுதச் சொல்லித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அவளிடமும் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். "என் பேரையே போடுங்க மேடம், சும்மா கவுன்ட்டர் ஊழியர்னு வேண்டாம்" என்றாள்.

நிர்வாகக் குழு அந்தப் பக்கத்தை ஏற்றுக்கொண்டது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தது. சிவப்பு மையில் இல்லை என்பதுதான் குறை. வாங்கிக்கொண்டு வந்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. நல்ல வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன், வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. திருத்தப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வேலை அவளுக்குத்தான். போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டாள். முதல் இரண்டு வாரம் மேசையே வேண்டாம், கவுன்ட்டரிலேயே உட்காருகிறேன் என்று கேட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை நன்றாக இருக்கிறதாம், ஏழரை வயது, யார் பேச்சையும் கேட்பதில்லையாம். வேகக்காரர் சோதனைக்கு மறுநாள் தானாகவே போன் செய்தார். "அந்த மூணு எதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம், தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். சொன்னேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "அவங்ககிட்ட வேலை பாக்க ஒரு இடம் இருந்தா சொல்லுங்க" என்றார். அதற்கும் ஒரு தாள் எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன்.

உன் கேள்விக்கும், உன் நாற்பது கற்பனை மனிதர்களுக்கும், அன்றைக்கு ஒரு பெண்ணைப் பார்த்து "ஒக்காரு, அடுத்தவங்களைக் கூப்பிடு" என்று சொன்னதற்கும் நன்றி. அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


ஜூன் 10, காலை பத்து மணி

சுண்டெலி,

இது தபாலில் வரவில்லை என்று உறையைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். உறையே இல்லை. தகவல் மேசையில் ஒரு தாள் கேட்டு வாங்கி, மடியில் வைத்து எழுதுகிறேன். மேலே கொண்டு வந்து கொடுப்பவரிடம் நன்றி சொல்லிவிடு, அவருக்கு ஆயிரம் வேலை.

திருத்தப் பக்கம் வந்தது. ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. நன்றி என்று எழுதினால் ஏதோ கடைக்காரருக்கு எழுதியது போல இருந்தது. உன் அண்ணி பார்த்துவிட்டு, "எழுத வரலைன்னா கிளம்பிப் போங்களேன். முட்டியையும் காட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றாள். இரண்டு மாதமாக வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. ராத்திரி ரயிலில் ஏறி வந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் நேராக வரிசையில் போய் நின்றேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று. எனக்கு முன்னால் பதினான்கு பேர். கூட்ட நேரம். கவுன்ட்டரில் ஒரு பெண், நீ எடுத்தவள் இல்லை, புதிதாக வந்தவள். என் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னேன். திரை சிவந்தது. என் பெயரிலேயே இன்னொருவர் இருக்கிறாராம். பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரு நிமிஷம் சார். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்ல?" என்றாள். யார் சொல்லிக்கொடுத்த வார்த்தை என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டாள், பதில் சொன்னேன். எட்டு வருடத்துக்குப் பிறகு நான் வரைந்த ஒன்றின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். கொஞ்சம் நேரம் எடுக்கத்தான் செய்கிறது. எடுக்கட்டும்.

முடிவில், "அவசரம்னா யாருக்குச் சொல்லணும் சார்?" என்று கேட்டாள்.

மனைவி பெயரைத்தான் சொல்லப் போனேன். ஆனால் அவள் இருப்பது ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில்.

"தங்கச்சி. இந்த ஊர்லதான் இருக்கா" என்று உன் பெயரைச் சொன்னேன்.

"நம்பர் சொல்லுங்க சார்."

பத்து எண்களையும் பார்க்காமல் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். நேரம் இருக்கிறது, இறங்கி வா.

அண்ணன்